உடற்பரிசோதனைக்குப் புறப்படுமுன்



சில திங்களாக நம் சங்கத்து அன்பர்கள் பலர், சந்திக்கும்போதெல்லாம் ஒரே கேள்வியை நம்மிடம் கேட்டு வருகின்றனர். "முழு உடற்பரிசோதனை செய்துகொள்ளலாம் என்றிருக்கிறோம், அதற்கு என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?" என்பதே அக்கேள்வி. நாம் வைத்தியர் அல்லர்; இந்த நாகபுரி நகரில், இரயில்வே அலுவலகம் ஒன்றில், கோப்புகளுக்கிடையே பொழுதைக் கழிக்கும் குமாஸ்தா. எனினும், அண்மையில் நாமும் நம் மனைவியாரும் அப்பரிசோதனையைச் செய்துகொண்டோம். அதில் செய்யத் தகாத பிழைகள் சிலவற்றைச் செய்து, பின்னர் திருந்தினோம். பட்டறிந்தவர் என்ற அளவில் இத்திங்கள் அதனைப் பற்றி எழுதத் துணிகின்றோம்.

இரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், குறித்த காலம் வந்துவிட்டால் அதைப் பணிமனைக்கு அனுப்பி, சக்கரம், அச்சு, பிரேக் முதலியவற்றைக் கழற்றிப் பார்ப்பார்கள். "ஓடுகிறதே, ஏன் நிறுத்த வேண்டும்?" என்று எவரும் கேட்பதில்லை. வண்டி ஓட்டுநர்களுக்கும் அவ்வாறே காலமுறை மருத்துவப் பரிசோதனை கட்டாயம். மேசையின் முன் அமர்ந்து எழுதும் நம்போன்றோர்க்கு அத்தனைக் கண்டிப்பு இல்லை. கண்டிப்பு இல்லாத காரணத்தால் நாமாகப் போவதும் இல்லை.

சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் வலியோடு வருவன அல்ல. 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோய் உடையவர் என்றும், 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாயிலில் நிற்பவர் என்றும் மதிப்பிட்டது. அவர்களுள் பலருக்குத் தமக்கு நோய் உண்டு என்பதே தெரியாது. தெரிந்துகொள்ளும் பொருட்டே பரிசோதனை. ஆனால் நம்மவர் அதனைப் பள்ளித் தேர்வாகக் கருதி, எப்படியேனும் தேறிவிட வேண்டும் என்று பாடுபடுகின்றனர்.

நம் குடியிருப்பில் அடுத்த வீட்டு அன்பர் ஒருவர் அவ்வாறுதான் பாடுபட்டார். நாள் குறித்தவுடன் பத்து நாட்கள் இனிப்பைத் தொடவில்லை. காப்பியை விட்டார். விடியற்காலையில் எழுந்து ஆறு கிலோமீட்டர் நடந்தார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 119 என்று வந்தது. "நோயென்று சொல்லும் 126க்குக் கீழேதான்!" என்று அவர் மகிழ்ந்துகொண்டிருக்கையில், மருத்துவர் மற்றொரு தாளைக் காட்டினார். எச்.பி.ஏ.ஒன்.சி என்னும் அந்தப் பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டுவது. அது 6.5 சதவீதத்தை எட்டினால் சர்க்கரை நோய் என்பர். அன்பருக்கு வந்தது 7.4. பத்து நாள் விரதத்தால் மூன்று மாதத்தை மறைக்க முடியவில்லை. மறைத்திருந்தால்தான் என்ன இலாபம்? பரிசோதனைக்கு முந்தைய நாட்களில் வழக்கம்போல் உண்டு, வழக்கம்போல் இருப்பதே முறை. அந்தப் பத்து நாள் நடையைப் பரிசோதனைக்குப் பின்னர் தொடர்ந்திருந்தால் அது வேறு கதை.

இனி, செய்ய வேண்டியவற்றைச் சொல்வோம்.

முதல்நாள் இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுதல் நன்று. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குக் குறைந்தது 8 மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும். கொழுப்பையும் சேர்த்துப் பார்ப்பதாயின் 10 முதல் 12 மணி நேரம் என்று பரிசோதனைக்கூடத்தார் கூறுவர். தண்ணீர் அருந்தலாம், அருந்தவும் வேண்டும். காலைக் காப்பி கூடாது. சர்க்கரை போடாத காப்பியும் காப்பியே. வெற்றிலையும் புகையிலையும் அவ்வாறே விலக்கத்தக்கன. அதிகம் பட்டினி கிடந்தால் அதிகப் பலன் என்று எண்ணிப் பதினாறு மணி நேரம் கிடப்பதும் தவறாகும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருத்தல் அவசியம். வெறும் வயிற்றில் அதனைக் கொண்டால் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் நேரலாம். இரத்தம் கொடுத்து உணவு கொள்ளும் வரையில் அதனைத் தள்ளிவைப்பதா என்று முன்கூட்டியே தம் மருத்துவரைக் கேட்க வேண்டும். இரத்தக் கொதிப்பு மாத்திரையைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை. அதனையும் கேட்டே தெளிதல் நலம். உணவுக்குப் பிந்தைய பரிசோதனைக்கு, இரண்டு மணி நேரத்தை உண்ணத் தொடங்கிய நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும். நாள்தோறும் நான்கு இட்டிலி உண்பவர் அன்றும் நான்கே உண்க.

இரத்தக் கொதிப்பு பார்க்குமுன், மாடிப்படி ஏறிய மூச்சோடு கையை நீட்டுதல் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து அமர்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, வாய் பேசாதிருக்க வேண்டும். பித்தப்பையைப் படம் பிடிக்க வயிறு வெறுமையாகவும், அடிவயிற்றைப் படம் பிடிக்கச் சிறுநீர்ப்பை நிறைந்தும் இருத்தல் வேண்டுமாகையால், ஸ்கேன் எத்தனை மணிக்கு என்பதை முன்னரே கேட்டு வைத்துக்கொள்க. பெண்மக்கள் மாதவிலக்கு நாட்களில் சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிவைத்தல் நலம். கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் சிறிதும் இருப்பின், எக்ஸ்ரே அறைக்குள் நுழையுமுன் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்க. அனைத்தும் என்றால், ஊரிலிருந்து பார்சலில் வரும் சூரணமும் லேகியமும் அடக்கம். முடி உதிராமைக்கென்று சிலர் உட்கொள்ளும் பயோடின் மாத்திரை தைராய்டுப் பரிசோதனையின் கணக்கையே பிழைபடுத்தக்கூடும் என்று அன்றுதான் நாம் அறிந்தோம்.

இவையெல்லாம் எவரும் சொல்லித் தரக்கூடியவை. பரிசோதனைக்கூடத்துச் சீட்டிலேயே பாதி அச்சிட்டிருக்கும். அச்சில் இல்லாத இரண்டினைப் பற்றிச் சொல்லவே நாம் இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம்.

மருத்துவர் நம்மிடம் முதலில் கேட்ட கேள்வி, "உங்கள் தகப்பனார் இருக்கிறாரா?" என்பது. "இல்லை, 49 வயதில் காலமானார்" என்றோம். "எதனால்?" என்றார். "நெஞ்சுவலி" என்றோம். "அதற்குமுன் அவருக்குச் சர்க்கரை இருந்ததா? கொதிப்பு இருந்ததா?" என்றார். நமக்குப் பதில் தெரியவில்லை. பெற்ற தகப்பனாரைப் பற்றி, அலுவலகத்தில் ஒரு சரக்கு வண்டியைப் பற்றித் தெரிந்த அளவுகூடத் தெரியாமல் நின்றது வெட்கமாக இருந்தது.

அன்றிரவு விருத்தாசலத்திற்கு அருகே நம் ஊரில் இருக்கும் தாயாரைக் கைப்பேசியில் அழைத்தோம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்: "ராத்திரியில் ஏழெட்டுத் தடவை எழுந்து தண்ணி குடிப்பாருப்பா. காலில் முள்ளு குத்தின புண்ணு ஆறு மாசம் ஆறவே இல்லை. உனக்கு அப்போ பத்தாவது பரீட்சை. பிள்ளைகிட்டே ஒண்ணும் சொல்லாதேன்னுட்டாரு."

தாயாரின் பேச்சை மறுநாள் மருத்துவரிடம் அப்படியே ஒப்புவித்தோம். இரவில் அடங்காத தாகம், ஆறாத புண், இளவயதில் மாரடைப்பு. சர்க்கரை நோய் இருந்திருக்க வேண்டும் என்றே மருத்துவர் கருதினார். நமக்கு வயது 36. வெறும் வயிற்றுச் சர்க்கரை 114. நோய் அன்று, ஆனால் வாயிற்படி. தகப்பனாரின் செய்தி தெரியாதிருப்பின், "சிறிது கூடுதல், பரவாயில்லை" என்று தாளை மடித்து வைத்திருப்போம். தெரிந்ததனால், ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், உடன்பிறந்தாரையும் பரிசோதிக்கச் சொல்லவும் மருத்துவர் பணித்தார். ஊரில் தம்பியும் தங்கையும் பரிசோதித்துக்கொண்டனர். தாயாருக்கே இரத்தக் கொதிப்பு இருந்தது அப்போது வெளிப்பட்டது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வாயிலாக இப்போது அவருக்கு மாத்திரை வீட்டிற்கே வருகிறது.

ஊரில் இருப்பவர்க்கு இவையெல்லாம் தானே தெரியும். பாட்டிக்குக் கால் எடுத்ததும் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் திண்ணைப் பேச்சிலேயே காதில் விழும். பிழைப்பை நாடி 1,000 கிலோமீட்டருக்கு இப்பால் வந்துவிட்ட நமக்கோ, கலியாணப் பத்திரிகை வரும். கருமாதிச் செய்தி வரும். இடையில் என்ன நோயென்பது மட்டும் வராது. ஆகவே அன்பர்களே, ஒரு முழுத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் வழி, தந்தை வழி என்று இரு பத்தி போடுங்கள். தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர், பெரியப்பா, சித்தி, அத்தை, மாமா ஆகியோரின் பெயரை எழுதுங்கள். எந்த வயதில் என்ன நோய், எந்த வயதில் காலமானார் என்பதை ஊருக்குப் பேசிக் கேட்டு எழுதுங்கள். அறிந்து சொல்லக்கூடிய முதியோர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

இரண்டாவது செய்தி நம் மனைவியாரைப் பற்றியது. அவருடைய சம்மதம் பெற்றே இதனை எழுதுகின்றோம்.

அவருக்கு இந்தி அங்காடி அளவில்தான் வரும். ஆகையால் பெண் மருத்துவரின் அறைக்கு நாமும் உடன் சென்றோம். மருத்துவர் அவரைப் பார்த்துக் கேட்டார். நாம் பதில் சொன்னோம். "உடம்பில் ஏதேனும் தொல்லை உண்டா?" "ஒன்றுமில்லை." "மாதவிலக்கு ஒழுங்காக இருக்கிறதா?" "எல்லாம் சரியாக இருக்கிறது." இவ்வாறு, அவரை ஒரு வார்த்தையும் கேளாமலே, ஒன்பது கேள்விகளுக்கும் நாமே விடையளித்துவிட்டு, காலம் வீணாகாமல் முடித்தோம் என்ற பெருமையோடு வெளியே வந்தோம்.

மாலையில் இரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின், அவருக்கு 7.9 இருந்தது. மருத்துவர் மீண்டும் அழைத்தார். இம்முறை நம் சங்கத்தைச் சேர்ந்த, செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் துணைக்குச் சென்றார். நாம் வெளியே பெஞ்சியில் அமர்ந்திருந்தோம். ஓராண்டுக்கு மேலாக மாதந்தோறும் எட்டு ஒன்பது நாட்கள் மிகுதியாக இரத்தம் போய்க்கொண்டிருந்தது என்பதையும், மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கும்போது கண் இருட்டும் என்பதையும் அந்த அம்மையாரின் வாயிலாகவே நாம் அறிந்தோம்.

வீட்டிற்கு வந்து, "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டோம். கோபமாகத்தான் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "நீங்கதானே பதில் சொல்லிக்கிட்டிருந்தீங்க" என்றார்.

நமக்கு மறுமொழி இல்லை.

கருப்பையில் ஒரு கட்டி, புற்றுநோய் அன்று. மருத்துவம் நடந்து வருகிறது. இரும்புச் சத்து மாத்திரையால் ஹீமோகுளோபின் 10.8 வரை ஏறியிருக்கிறது. இன்னும் ஓராண்டு கழிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது. அவர் பொறுத்துக்கொண்டதை நாம் நலமென்று கருதியிருந்தோம்.

ஆகவே ஆடவர்க்கு ஒரு வேண்டுகோள்: துணைக்குச் செல்லுங்கள், ஆனால் விடையை அவரே சொல்லட்டும். பெண்மக்களுக்கு ஒரு வேண்டுகோள்: சொல்ல வேண்டியதைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மாதவிலக்கின் கடைசித் தேதி, நாட்கள், களைப்பு, வலி, கட்டி, எது இருந்தாலும் எழுதுங்கள். மொழிபெயர்க்க, இரு மொழியும் அறிந்த ஒரு பெண் துணையைத் தேடிக்கொள்ளுங்கள். நம் சங்கத்தில் அத்தகைய சகோதரியர் பலர் உளர். கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளம்பரத்தில் எண்பது பரிசோதனை, நூறு பரிசோதனை என்று எண்ணிக்கை காட்டுவார்கள். எண்ணிக்கை பெருகினால் நலம் பெருகும் என்பதில்லை. புற்றுநோய்க் குறியீடு என்று கூறும் சில இரத்தப் பரிசோதனைகள், நோய்க்குறி இல்லாதார்க்கு வீண் கவலையைத் தருவனவாக முடிவதுண்டு. எவை வேண்டும் என்பதை வயதும் குடும்ப வரலாறும் அறிந்த மருத்துவரே சொல்லட்டும். பணம் இல்லாதார் தயங்க வேண்டியதில்லை. ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனப்படும் அரசு நலவாழ்வு மையங்களில், 30 வயது கடந்தோர்க்குச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் பரிசோதனை இலவசமாக உண்டு.

தாள்களை வாங்கியபின் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். ஒரு கோப்பில் தேதி வாரியாக அடுக்கி, அடுத்த ஆண்டு உடன் எடுத்துச் செல்லுங்கள். குமாஸ்தாவின் புத்தி இதற்காவது பயன்படட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசும்போது, மழை பெய்ததா, மாடு கன்று ஈன்றதா என்று கேட்பதோடு, அந்த முழுத்தாளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தாயார் இருபது ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்ததைச் சொல்ல, நாம் கேட்கவேண்டியிருந்தது ஒரே ஒரு கேள்விதான்.