நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு என்று நான் சொன்னது தவறு

கொஞ்சம் நீளமான பதிவு. தொழில் தொடங்கும் எண்ணத்தில் இருக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களுமாவது கடைசி வரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். இப்போது 27 வயது. கூடவே அவனுடைய கல்லூரி ஹாஸ்டல் நண்பனும் வந்திருந்தான். பள்ளி வேன் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பெற்றோருக்கு செல்போனில் காட்டும் ஆப் ஒன்றை இருவரும் சேர்ந்து செய்யப் போகிறார்களாம். "டீச்சர், இவன்தான் என் கோ-ஃபவுண்டர். ஆளுக்குப் பாதி ஷேர். அடுத்த மாசம் ரெண்டு பேரும் வேலையை விடறோம். ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றான்.

காபி கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ரெண்டு வருஷம் கழிச்சு உங்கள்ல ஒருத்தர் விலகிட்டா, அந்தப் பாதி யாருக்குப்பா?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நாங்க அப்படியெல்லாம் பிரிய மாட்டோம் டீச்சர்" என்று சிரித்தான்.

அதே சிரிப்பை நான் முன்பும் ஒரு முறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இரண்டு பேர் சேர்ந்து ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடை வைத்தார்கள். (பெயர், ஊர் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களும் கமெண்டில் எழுத வேண்டாம்.) ஒருவன் அம்மாவின் நகையை அடகு வைத்துப் பணம் போட்டான். இன்னொருவனுக்குத் தொழில் தெரியும். மெஷினுக்கு இருவர் பெயரிலும் வங்கிக் கடன். திறப்பு விழாவன்று ஒரு பையனின் அப்பா சட்டைப் பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்தார். "ஒரு வார்த்தை எழுதிக்கிட்டா நல்லது" என்றார். நான்தான் முந்திக்கொண்டு, "இத்தனை வருஷப் பழக்கம், இவங்களுக்குள்ள எழுத்து எதுக்குங்க?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் தாளை மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

மூன்றாவது வருஷம் ஒருவனுக்கு வெளியூரில் நல்ல வேலை கிடைத்தது, போய்விட்டான். கடையில் நின்றவன் ராத்திரி பகலாக உழைத்தான். லாபத்தில் பாதி கேட்டு போன் வந்தது. "வேலை செய்யாதவனுக்கும் பாதியா?" என்றான் இவன். "நகை யார் வீட்டு நகை?" என்றான் அவன். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருந்தது. எந்தக் கேள்விக்கும் பதில் எழுதி வைக்கப்படவில்லை. கடை மூடியது. மெஷின் வந்த விலைக்குப் போனது. மீதிக் கடனுக்கு வங்கிக்காரர்கள் ஊரில் இருந்தவன் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். இன்றுவரை இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பிறகுதான் நான் இதைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நாம் எழுதாவிட்டாலும் சட்டம் நமக்காக ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபமும் நஷ்டமும் சரிசமம். கடையில் உட்கார்ந்து வேலை பார்த்ததற்குத் தனிச் சம்பளம் கேட்க உரிமையில்லை. கடன்காரர் முழுக் கடனையும் எந்த ஒரு கூட்டாளியிடமும் கேட்கலாம். எழுத்து வேண்டாம் என்று அன்று நான் சொன்னபோது, இந்த மூன்றுக்கும் அந்தப் பிள்ளைகளைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

இப்போதைய பிள்ளைகள் பெரும்பாலும் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்கிறார்கள். அதில் சொந்த வீடு வாசலுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் விலகிப் போனவர் பெயரில் உள்ள ஷேர் அவர் பெயரிலேயே இருக்கும். முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் திருப்பித் தா என்று கேட்க வழியில்லை. பாதிக் கம்பெனி வேலை செய்யாத ஒருவர் கையில் இருந்தால், வெளியிலிருந்து பணம் போட வருகிறவரும் யோசிப்பார்.

ஆப்பிள் கம்பெனியை 1976 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டீவ் வாஸ்னியாக் இருவரும் தொடங்கினார்கள் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். ரொனால்ட் வெய்ன் என்று மூன்றாவதாக ஒருவர் இருந்தார். ஒப்பந்தத்தைத் தயாரித்தவரே அவர்தான். மற்ற இருவருக்கும் 45 சதவீதம், அவருக்கு 10. யாருக்கு எந்த வேலை என்றும் அதில் இருந்தது. மற்ற இருவரிடமும் சொத்து இல்லை, கடன் வந்தால் தன் தலையில்தான் விழும் என்று பயந்து, 12-ஆம் நாளே 800 டாலர் வாங்கிக்கொண்டு விலகிவிட்டார். பெரிய பணத்தை விட்டுவிட்டாரே என்று எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பேசுகிறார்கள். எனக்கு வேறொன்று படுகிறது. யாருக்கு எவ்வளவு என்பது தாளில் இருந்ததால், ஒருவர் வெளியே போனபோது தொழில் நிற்கவில்லை.

சரி, கூட்டாளியை எப்படித் தேர்ந்தெடுப்பது? நல்ல நண்பன் என்பது மட்டும் போதாது. சேர்ந்து சினிமாவுக்குப் போவது வேறு, சேர்ந்து ஒரு வேலையை முடிப்பது வேறு. திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010-ல் சென்னையில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் தொடங்குவதற்கு முன்பே ஜோஹோவில் வேலை பார்த்தவர்கள். 2021-ல் அந்தக் கம்பெனி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரை போனது. வேலையில் பார்த்துப் பழகியவரைச் சேர்த்துக்கொள்வதில் ஒரு தெளிவு இருக்கிறது. அந்த வாய்ப்பு இல்லாதவர்கள், வேலையை விடுவதற்கு முன் மூன்று மாதம் சனி ஞாயிறுகளில் சேர்ந்து வேலை செய்து பாருங்கள். சொன்ன தேதிக்கு முடிக்கிறாரா, தப்பு நடந்தால் ஒப்புக்கொள்கிறாரா என்று தெரிந்துவிடும். வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆராயாமல் நம்புவதும் துன்பம், நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் துன்பம் என்பது அதன் முடிவு. முன்னதைச் செய்தவர்கள்தான் பின்னதில் போய் மாட்டுகிறார்கள்.

அந்த இரண்டு பையன்களிடமும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, ஐந்து கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதச் சொன்னேன்.

1. பணம் எவ்வளவு போடுகிறாய்? அது கடனா, முதலா?
2. எந்த முடிவு உன்னுடையது, எந்த முடிவு அவனுடையது?
3. மாதம் எவ்வளவு இருந்தால் உன் வீடு ஓடும்? எத்தனை மாதம் இல்லாமல் தாங்கும்?
4. இருவரும் ஒத்துப்போகாவிட்டால் யார் சொல்வது முடிவு?
5. நடுவில் ஒருவர் போனால், உடம்புக்கு முடியாமல் போனால், ஷேர் என்ன ஆகும்?

ஐந்தாவதுக்கு ஸ்டார்ட்அப்காரர்கள் ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். 'வெஸ்டிங்' என்று பெயர். ஷேர் முழுவதும் முதல் நாளே சொந்தமாகாது. வழக்கமாக நான்கு வருஷம் உழைத்து உழைத்துச் சேர வேண்டும். முதல் வருஷம் முடிவதற்குள் போனால் ஒன்றும் கிடையாது. இரண்டு வருஷத்தில் போனால் பாதிதான். என் மாணவர்கள் இருவருக்கும் அன்று இது தெரிந்திருந்தால், நின்றவனுக்கும் நியாயம், போனவனுக்கும் நியாயம்.

எழுதிவிட்டால் எல்லாம் முடிந்ததா என்றால், இல்லை. மனதில் இருப்பதை முகத்துக்கு நேராகச் சொல்லும் பழக்கமும் வேண்டும். இன்ஃபோசிஸை 1981-ல் ஏழு பேர் தொடங்கினார்கள். 1990-ல் ஒரு மில்லியன் டாலருக்குக் கம்பெனியை விற்கலாமா என்ற பேச்சு வந்தது. கூடி உட்கார்ந்து பேசினார்கள். மற்றவர்கள் விற்றுவிடலாம் என்ற பக்கம் சாய்ந்தபோது, நாராயண மூர்த்தி, உங்கள் பங்கை எல்லாம் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றாராம். அதைக் கேட்டு மற்றவர்களும் மனம் மாறி நின்றார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே மாதம் ஒரு நாள் கணக்குப் புத்தகத்தை நடுவில் வைத்துப் பேசுங்கள். கூட்டாளி மேல் உள்ள குறையை வீட்டில் மனைவியிடமோ அம்மாவிடமோ சொல்வதற்கு முன் அவரிடம் சொல்லுங்கள்.

பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. 'கூட்டு வியாபாரமே வேண்டாம்' என்று பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். தனியாக முடியாதது இரண்டு பேரால் முடியும். 'எழுதிக் கேட்டால் என்ன நினைப்பார்களோ' என்றும் கூச்சப்படாதீர்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொன்ன ஊர் நம்முடையது. எழுதலாம் என்றதும் ஒருவர் முகம் கோணினால், அதைத் தெரிந்துகொள்ள அதைவிட மலிவான நாள் வராது.

நேற்று அந்தப் பையன் போன் செய்தான். மூன்றாவது கேள்வியில்தான் சிக்கலாம். நண்பனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு மேல் சம்பளம் இல்லாமல் தாங்காது என்பது இவனுக்கு நோட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். ஐந்து வருஷம் ஒரே ரூமில் இருந்தவர்கள்! இப்போதைக்கு நண்பன் வேலையை விடவில்லை. தொழிலை விடவும் இல்லை. ஆடிட்டரைப் பார்க்கப் போகிறார்கள். இனி ஆசீர்வாதம் தாராளமாக உண்டு.

கடைசியாக, அந்தப் பிரிண்டிங் கடைப் பிள்ளைகள் இருவருக்கும். நீங்கள் இருவரும் என் பதிவுகளைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்று அந்தத் தாளை மடிக்க வைத்தது நான். உங்களுக்குள் நடந்ததில் என் பங்கும் இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஒரு நாள் இரண்டு பேரும் வீட்டுக்கு வாருங்கள். தனித்தனியாக வந்தாலும் சரி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்