உலக்கை நின்றது, மறுநாள் நிறுத்திப் பார்த்தீர்களா?

2019-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி காலை. சூரிய கிரகணம்.

காஞ்சீபுரத்தை அடுத்த செவிலிமேட்டில் ஒரு வீட்டு வாசல். பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தினார்கள். உலக்கை நின்றது!

"பார்த்தாயா? கிரகணம் பிடித்திருக்கிறது. அதுதான் நிற்கிறது" என்றார் ஒரு பாட்டி. சுற்றி இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பாட்டி பொய் சொல்லவில்லை. உலக்கை நின்றது உண்மை. ஆனால் மறுநாள் யாராவது நிறுத்திப் பார்த்தார்களா?

உலக்கையின் அடியில் இரும்புப் பூண் இருக்கிறது. அடி தட்டையாக இருந்து, ஆடாமல் நேராக நிறுத்தினால் எந்த நாளும் நிற்கும். முதல் தடவை விழும். இரண்டாம் தடவையும் விழலாம். கை பழகினால் நிற்கும். இன்றைக்கே நிறுத்திப் பாருங்கள். தாம்பாளமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

உலக்கை நிற்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் அதே வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தால்? அவளை இருட்டறையில் உட்கார வைக்கிறார்கள். சோறு இல்லை. சில வீடுகளில் தண்ணீரும் இல்லை. அன்று காலை 8 மணிக்கு மேல் பிடித்த கிரகணம் 11 மணிக்கு மேல்தான் விட்டது. முந்தின இரவு சாப்பிட்டவள் அதுவரை என்ன செய்வாள்?

சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே சந்திரன் வருகிறது. அதன் நிழல் நம் மேல் விழுகிறது. அவ்வளவுதான் சூரிய கிரகணம். நிழல் பட்டுக் குழந்தைக்கு உதடு பிளக்காது. தாய் பட்டினி கிடந்தால்தான் கெடுதல்.

கோயில் நடை சாத்துவதும், கிரகணம் விட்டதும் தலை முழுகுவதும் அவரவர் வழக்கம். அதில் நாம் தலையிடவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்குத் தண்ணீர் கொடுப்பது வேறு விஷயம்.

கிரகணத்தில் ஆபத்தே இல்லையா? உண்டு. அது கண்ணுக்கு. சூரியனை வெறுங்கண்ணால் பார்த்தால் விழித்திரை வெந்துவிடும். வலி தெரியாது. பார்வை மங்கிய பிறகுதான் தெரியும். எக்ஸ்ரே படம், புகை பிடித்த கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதையும் நம்பக் கூடாது. சந்திர கிரகணத்துக்கு இந்தப் பயம் கிடையாது, தாராளமாகப் பார்க்கலாம்.

சூரிய கிரகணத்தைப் பார்க்க நெசவாளர் வீடே போதும். ஓட்டு இடுக்கு வழியாகத் தறி மேல் வெயில் விழுமே, காசு போல வட்டமாக? ஓட்டை எந்த வடிவில் இருந்தாலும் வெளிச்சம் வட்டமாகவே விழும். அது சூரியனின் உருவம். கிரகணத்தன்று அந்தக் காசு பிறையாகிவிடும். பாவு மேலேயே பார்க்கலாம். வேப்பமரத்தடியிலும் இலை இடுக்கு வழியாக நூறு பிறை விழும்.

"பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறதே" என்பார்கள். பஞ்சாங்கம் சொல்லும் நேரம் கணக்குப் போட்டுச் சொல்வது. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கமும் கணித்தவர். 1874-ல் சூரியனுக்கு முன்னால் சுக்கிரன் கடந்து போனது. அது என்ன என்று ஜனங்களுக்குப் புரிய வேண்டுமே என்று, பேசிக்கொள்வது போலவே ஒரு சிறு புத்தகம் எழுதினார். உருது, கன்னடம் முதலிய மொழிகளிலும் வந்தது. படித்தவர்கள் அப்படி இறங்கி வந்து சொல்வது இப்போது போதவில்லை என்பது நம் குறை.

2023 ஆகஸ்டு 23-ந் தேதி மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். டெலிவிஷன் முன் உட்கார்ந்து கை தட்டினோம். சந்திரன் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்ற கணக்குத்தான் அந்த விண்கலத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கிரகணமும் அதே சந்திரனால் வருவது. கை தட்டிய வீட்டிலேயே மருமகளை இருட்டில் பட்டினி போட்டால் எப்படி?

2031 மே 21-ந் தேதி பகலில் மீண்டும் ஒரு சூரிய கிரகணம். மதுரைப் பக்கம் சூரியன் வளையமாகத் தெரியும். காஞ்சியில் ஓரளவு மறையும். கோடை விடுமுறை, பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். ஓர் அட்டையில் ஊசியால் துளை போட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, வெள்ளைக் காகிதத்தில் பிறை விழுவதைப் பார்க்கச் சொல்லுங்கள். உலக்கையையும் நிறுத்தட்டும். மறுநாளும் நிறுத்தட்டும்.