கோலளவும் கொட்டகையும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் ஓர் அரங்கம் வரைகிறோம். மலையில் ஓங்கி வளர்ந்த, கணுவுக்குக் கணு ஒரு சாண் உள்ள மூங்கிலை இருபத்துநான்கு பெருவிரல் அளவுக்கு நறுக்கினால் ஒரு கோல். அக்கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. அரங்கின் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல். வாயில் இரண்டு, எழினி மூவகை. தூணின் நிழல் குறுக்கே விழாதபடி விளக்கு நிறுத்த வேண்டும் என்பது வரை இளங்கோ சொல்லிவிடுகிறார்.

பொட்டிபுரத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, எங்க தாத்தா படம் பார்த்த கொட்டகை எத்தனை கோல் இருந்திருக்கும்?” என்றார். வகுப்பு சிரித்தது. நம்மிடம் விடை இல்லை.

போடிக்குப் பெருநகரம் என்றால் மதுரைதான். அந்த மதுரையிலேயே நிலைமை இதுதான். 1937இல் வெளிவந்த ‘சிந்தாமணி’ படத்தின் இலாபத்தில் எழுந்தது சிந்தாமணி திரையரங்கு. 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறக்கப்பட்ட தங்கம் திரையரங்கில் 2,500க்கு மேற்பட்ட இருக்கைகள், ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் மார்தட்டிக் கொண்டார்கள். இரண்டும் இன்று இல்லை. மாறாக, சென்னையில் 1913இல் எழுந்த எலெக்ட்ரிக் தியேட்டர் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்துக்குள் பிழைத்து நிற்கிறது. படம் காட்டுவதை விட்டு அஞ்சல்துறையின் கைக்குப் போனதால் கிடைத்த ஆயுள் அது!

சிற்றூர்க் கொட்டகைக்கு அந்த நல்லூழும் வாய்ப்பதில்லை. கல்யாண மண்டபமாகவோ கிட்டங்கியாகவோ மாறி, பிறகு மனையாகிவிடுகிறது. ‘அதிலென்ன கட்டடக் கலை? நான்கு சுவரும் தகரக் கூரையும்தானே?’ என்பார்கள். அந்தச் சுவர்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும் என்பதே நம் கட்சி. படக்கருவி அறை ஏன் தனிப்பெட்டி போல, இரண்டு சிறு துளைகளோடு, கனத்த சுவருக்குள் இருக்கிறது? பழைய நைட்ரேட் படச்சுருள் பற்றிக்கொண்டால் அணைப்பது அரிது. தீ அவைக்குள் வராதிருக்க அந்த ஏற்பாடு. கூரைக்கு மேல் ஏன் ஒரு புகைபோக்கி? கரிக்குச்சி விளக்கின் புகை வெளியேற. நுழைவுச் சீட்டு வாங்கும் இடத்தில் ஓராள் மட்டும் நுழையக்கூடிய அந்த நீண்ட இடுக்கு முதல்நாள் கூட்டத்தின் வரலாற்றை எந்தச் செய்தித்தாளையும்விடத் துல்லியமாகச் சொல்லும்.

இன்னொன்று இதைவிடப் பெரிது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலையரங்கு திரையரங்கே என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அன்று, வாங்கும் சக்தியே என்றும் கா. சிவத்தம்பி 1981இல் எழுதினார். தரை, பெஞ்சு, நாற்காலி என்ற பகுப்பும், பெண்கள் பக்கத்தைப் பிரித்த குட்டைச் சுவரும் அந்தக் கூற்றின் கட்டட வடிவம். குட்டைச் சுவர் எவ்வளவு குட்டை என்பது வெறும் அடிக்கணக்கு அன்று. ஏலமலையிலிருந்து இறங்கிய கூலிக்காரரும் தோட்ட முதலாளியும் எத்தனை அடி இடைவெளியில் ஒரே படத்துக்கு அழுதார்கள் என்பது சமூக வரலாறு.

கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கும் நாம் இதற்கு ஒரு வரைபடம்கூட எடுக்கவில்லை. இத்தனைக்கும் வேலை பாதி முடிந்தே இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் கேட்டவர்கள் கட்டட வரைபடத்தை ஆட்சியரிடம் தந்தாக வேண்டும். அக்கோப்புகள் எடைக்குப் போகுமுன் அவற்றை ஆவணக் காப்பகம் கேட்டுப் பெற வேண்டும். பாரம்பரியச் சின்னமாக அறிவியுங்கள் என்று நாம் கேட்கவில்லை; உரிமையாளரும் பிழைக்க வேண்டுமல்லவா. அளந்துவிட்டு இடியுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இந்தப் பருவத்தில் அரங்கேற்று காதை முடிந்ததும், கேள்வி கேட்ட மாணவரோடு அளவுநாடா எடுத்துக்கொண்டு புறப்படுவதாக இருக்கிறோம். மூடிக் கிடக்கும் கொட்டகையின் சாவி எவரிடமேனும் இருந்தால், ஒரு பிற்பகல் கதவைத் திறந்துவிடுங்கள்.