ரயிலுக்கு மட்டும் ஏன் நஷ்டக் கணக்கு?

இனாமாக வரும் பணத்தை வேண்டாமென்று திருப்பி அனுப்பிய சர்க்காரைப் பற்றி நமது வாசகர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் அப்படிப்பட்ட சர்க்கார் ஒன்றல்ல, மூன்று இருந்திருக்கின்றன. 2010ம் வருஷக் கடைசியிலும் 2011ம் வருஷ ஆரம்பத்திலும் ஒஹையோ, விஸ்கான்சின், புளோரிடா என்னும் மூன்று ராஜ்யங்களில் எலக்ஷனில் ஜெயித்து வந்த புதிய கவர்னர்கள், பிரயாணிகள் ரயிலுக்கென்று மத்திய சர்க்கார் ஒதுக்கிய தொகையைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தொகை சில்லரையல்ல. ஒஹையோவுக்கு 40 கோடி டாலர், விஸ்கான்சினுக்கு 81 கோடி டாலர், புளோரிடாவுக்கு 240 கோடி டாலர்.

இவர்கள் வரிப்பணத்தை மிச்சம் பிடித்த உத்தமர்கள் என்று அவர்களுக்கு வேண்டியவர்கள் புகழ்ந்தார்கள். உண்மையில் மிச்சம் பிடித்தார்களா, யார் பணம் யாருக்கு மிச்சமாயிற்று என்பதைத்தான் நாம் இங்கு பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்த நாட்டு ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். நமது நாட்டைப் போல அங்கு ரயில் பாதை சர்க்கார் சொத்தல்ல. பெரும்பாலும் கம்பெனிகளின் சொத்து. ஒரு காலத்தில் அந்தக் கம்பெனிகளே ஜனங்களையும் ஏற்றிச் சென்றன. மோட்டாரும் ஆகாய விமானமும் வந்த பிறகு ஜனங்களை ஏற்றுவதில் லாபமில்லையென்று கண்டு அதைக் கைகழுவப் பார்த்தன. 1970ல் ஒரு சட்டம் செய்து, ஆம்டிராக் என்னும் ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, 1971 மே 1ந் தேதி முதல் பிரயாணி வண்டிகளை அதன் தலையில் கட்டினார்கள். லாபமுள்ள சரக்கு வண்டியும் தண்டவாளமும் கம்பெனிக்கு. நஷ்டமுள்ள மனிதர் வண்டி பொதுஜனங்களுக்கு. பாகப் பிரிவினை எவ்வளவு அழகாக நடந்தது பாருங்கள்!

பிறகு 2008ல் மற்றொரு சட்டம் வந்தது. அமெரிக்கப் பார்லிமெண்டு (அதற்கும் காங்கிரஸ் என்றே பெயர்; நம்மூர்க் காங்கிரசோடு குழப்பிக் கொள்ள வேண்டாம்) செய்த அச்சட்டப்படி, பாஸ்டன் – வாஷிங்டன் பிரதான பாதை நீங்கலாக, 750 மைலுக்கு உட்பட்ட தூரம் ஓடும் வண்டிகளின் நஷ்டத்தை அந்தந்த ராஜ்யமே கொடுத்துத் தீரவேண்டும். 2013 அக்டோபர் முதல் இது அமலில் இருக்கிறது. இதன் பலன் என்னவென்றால், ஒரு ராஜ்யத்துக்குள் ஓடும் சின்ன ரயில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் உயிர்ப் பிச்சை கேட்க வேண்டியதாயிற்று. கவர்னர் மாறினால் ரயிலின் ஆயுள் ரேகையும் மாறும்.

இந்தியானா ராஜ்யத்தில் இண்டியானாபொலிஸிலிருந்து சிகாகோவுக்கு வாரத்தில் நாலு நாள் ஓடிய வண்டிக்கு வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் டாலர் தேவைப்பட்டது. அதைக் கொடுக்க மனமில்லாமல் நிறுத்தினார்கள். 2019 ஜூன் முடிவோடு வண்டியும் நின்றது. ஒரு ராஜ்யத்தின் வரவு செலவில் 30 லட்சம் டாலர் எம்மாத்திரம்?

நிற்க. விஸ்கான்சின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2008ல் அமெரிக்காவில் வியாபாரமெல்லாம் படுத்து, வேலையில்லாத் திண்டாட்டம் வந்தபோது, 2009ல் ஒபாமா சர்க்கார் வேலை கொடுப்பதற்காகச் செலவிட்ட பணத்தில் 800 கோடி டாலரை ரயிலுக்கென்று ஒதுக்கிற்று. அதிலிருந்து மில்வாக்கி நகரத்துக்கும், ராஜ்யத்தின் தலைநகரமான மாடிசனுக்கும் சுமார் 80 மைல் ரயில் விட 81 கோடி டாலர் கிடைத்தது. பாதை போடும் செலவு முழுவதும் மத்திய சர்க்காருடையது. ராஜ்யம் கொடுக்க வேண்டியது வண்டியை நடத்துவதில் வரும் துண்டுப் பணந்தான். அது வருஷத்துக்குச் சுமார் 75 லட்சம் டாலர் வரும் என்று கணக்கிட்டிருந்தார்கள்.

இந்த 75 லட்சத்தைத்தான் எலக்ஷனில் பூதமாக்கிக் காட்டினார்கள். ஸ்காட் வாக்கர் என்பவர் இந்த ரயிலை நிறுத்துவேன் என்று சொல்லியே ஓட்டுக் கேட்டு 2010 நவம்பரில் ஜெயித்தார். ஜெயித்த பிறகாவது பணமே வேண்டாமென்றாரா? இல்லை, ரயில் வேண்டாம், அந்தப் பணத்தில் ரோடும் பாலமும் போட்டுக் கொள்ளுகிறோம் என்றார். அதாவது சர்க்கார் பணம் செலவாவதில் அவருக்கு வருத்தமில்லை. அது ரயிலுக்குச் செலவாவதில்தான் வருத்தம்! போக்குவரத்து மந்திரியாக இருந்த ரே லாஹூட் – இவரும் வாக்கரின் கட்சியைச் சேர்ந்தவரே – அதற்குச் சம்மதிக்கவில்லை. 2010 டிசம்பர் 9ந் தேதி ஒஹையோ, விஸ்கான்சின் இரண்டிடமிருந்தும் சுமார் 119½ கோடி டாலரைப் பிடுங்கி மற்ற ராஜ்யங்களுக்குப் பங்கிட்டுவிட்டார். கலிபோர்னியாவுக்கு மட்டும் 62 கோடிக்கு மேல் போயிற்று.

இதில் மிச்சம் பிடித்தது யார்? விஸ்கான்சின் குடியானவன் மத்திய சர்க்காருக்குக் கட்டும் வரியில் ஒரு காசாவது குறைந்ததா? அவன் கட்டிய வரி கலிபோர்னியாக்காரனுக்குத் தண்டவாளமாயிற்று. அவ்வளவுதான். மேலும் கேளுங்கள். 2011ல் புளோரிடாவும் தன் பணத்தைத் தள்ளியபோது, அதில் 15 கோடி டாலரை மில்வாக்கி – சிகாகோ ரயிலுக்குத் தரவேண்டுமென்று மனுப்போட்டவர் இதே வாக்கர்தான்! மனு தள்ளுபடியாயிற்று.

இதோடும் முடியவில்லை. முந்திய கவர்னர் காலத்தில் டால்கோ என்ற ஸ்பெயின் தேசத்துக் கம்பெனியிடம் 4 கோடியே 70 லட்சம் டாலருக்கு இரண்டு ரயில் தொடர்கள் செய்யச் சொல்லியிருந்தார்கள். அக்கம்பெனி மில்வாக்கியிலேயே தொழிற்சாலை வைத்து, அவ்வூர் ஆட்களுக்கு வேலை கொடுத்து வண்டிகளைச் செய்து முடித்தது. வண்டிகளைப் பராமரிக்கக் கொட்டகை கட்டப் பணம் தரமாட்டோம் என்றது புதிய சர்க்கார். வழக்கு வந்தது. 2015ல் இன்னும் 97 லட்சம் டாலர் கொடுத்து ராஜியாகப் போனார்கள். வண்டிகளும் கம்பெனிக்கே போயின. பணமும் போயிற்று, வண்டியும் போயிற்று, தொழிற்சாலையில் வேலையும் போயிற்று. ஒரு விஸ்கான்சின் பிரயாணியையும் ஏற்றாமல் பல வருஷம் கிடந்த அந்த வண்டிகளை, 2022ல் ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியா தேசத்தின் லாகோஸ் சர்க்கார் தங்கள் நகரத்து ஜனங்களுக்காக விலைக்கு வாங்கிக் கொண்டது. கறுப்பர்களுக்கு நாகரிகம் கற்பிக்க வேண்டுமென்று பேசி வந்த வெள்ளையருலகத்தில் இது நடந்தது என்பதையும் குறித்து வைத்துக் கொள்ளலாம்.

ரயில் நஷ்டத்தில் ஓடும் என்பது பொய்யா என்றால், பொய்யல்ல. டிக்கட்டுப் பணம் செலவுக்குப் போதாதுதான். ஆனால் ரோடு எந்த வருஷம் லாபத்தில் ஓடிற்று? 1956ல் அமெரிக்க மத்திய சர்க்கார் 41,000 மைல் பெரும் ரோடுகள் போடச் சட்டம் செய்து, செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைத் தானே ஏற்றுக் கொண்டது. அப்போது எந்தக் கவர்னரும் தொண்ணூறு வேண்டாமென்று திருப்பி அனுப்பவில்லை. ரோட்டுச் செலவைப் பெட்ரோல் வரியே தாங்கிக் கொள்ளுகிறது என்று பெருமை பேசுவார்கள். அதுவும் பழங்கதை. அந்த வரி போதாமல், 2008 முதல் 2021 வரையில் பொது கஜானாவிலிருந்து ரோட்டு நிதிக்குத் தூக்கிக் கொடுத்தது 25,000 கோடி டாலருக்கு மேல். இதை நஷ்டம் என்று யாரும் சொல்லுவதில்லை. ரோட்டுக்குக் கொடுத்தால் அபிவிருத்தி. ரயிலுக்குக் கொடுத்தால் தண்டச் செலவு! பள்ளிக்கூடம், போலீஸ், நெருப்பணைக்கும் படை இவைகளெல்லாம் லாபம் காட்டுகின்றனவா என்று கேட்டால் கேட்டவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். ரயிலைப் பற்றி மாத்திரம் அதே கேள்வியைக் கேட்கிறவன் சிக்கனக்காரன் ஆகிவிடுகிறான்.

கார் வைத்திருப்பவனுக்கு ரயில் வேண்டியதில்லை என்பது வாஸ்தவம். கார் ஓட்ட முடியாத கிழவன், கார் வாங்க முடியாத கூலிக்காரன், படிக்கப் போகும் பிள்ளை, கண் தெரியாதவன் ஆகிய இவர்கள் எப்படி அடுத்த ஊருக்குப் போவது? கார் இல்லாதவன் காலில்லாதவன் என்று சொல்லும்படியாக நாட்டை அமைத்துவிட்டு, காலில்லாதவர்கள் அதிகமாக ரயிலேறவில்லையே என்று கணக்குக் காட்டுவது என்ன நியாயம்?

ஆனால் இதில் எதிர்க் கட்சிக்காரர்களைத் திட்டிவிட்டுப் போவதில் பிரயோஜனமில்லை. அவர்கள் ஜெயிப்பதற்கு ஒரு காரணமிருக்கிறது. ரோடு எல்லா ஊருக்கும் போகிறது. ரயில் பத்து ஊரில் நிற்கிறது. பத்து ஊர்க்காரனுக்காக நூறு ஊர்க்காரன் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், ஓட்டு நூறு ஊரிலும் இருக்கிறதல்லவா? தவிரவும், பணம் கொடுப்பது இன்று. ரயில் வருவது பத்து வருஷம் கழித்து. கொடுத்த கவர்னருக்குக் கெட்ட பெயர், திறந்து வைக்கிறவனுக்கு மாலை. இந்த யோசனையில் எத்தனை பேர் துணிவார்கள்? கலிபோர்னியாவின் உதாரணமும் எதிரிகளுக்கு ஒரு வாளாகக் கிடைத்துவிட்டது. அங்கு 2008ல் ஜனங்களே ஓட்டுப் போட்டு 995 கோடி டாலர் கடன் வாங்க உத்தரவு கொடுத்தார்கள். அதிவேக ரயிலின் மொத்தச் செலவு இப்போது 10,000 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்டிருக்கிறது. 2025 முடிய ஒரு பிரயாணியும் ஏறவில்லை. நமக்குப் பிடித்த காரியம் என்பதற்காக இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

பணம் கிடைத்தாலும் தண்டவாளக்காரன் ஒருவன் இருக்கிறான். பிரயாணி வண்டிக்கே முதலில் வழிவிட வேண்டுமென்பது 1973 முதல் சட்டம். அதை மீறும் கம்பெனி மேல் மத்திய சர்க்கார் வழக்குப் போட்டது எத்தனை தடவை? 1979ல் ஒன்று, 2024ல் ஒன்று. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸுக்குக் கிழக்கே பாதை அடித்துக் கொண்டு போயிற்று. சில மாதங்களில் பாதையைச் சரிசெய்து சரக்கு வண்டியை விட்டார்கள். மனிதர் வண்டியோ நியூ ஆர்லியன்ஸிலிருந்து மொபைல் வரைக்கும் போகும் சுமார் 145 மைலுக்கு 2025 ஆகஸ்டு 18ந் தேதிதான் மறுபடி வந்தது. இருபது வருஷம்! நிலக்கரிக்கும் மரத்துக்கும் சில மாதம். மனிதனுக்கு இருபது வருஷம். நடுவில் கம்பெனிகள் தங்கள் பாதையில் கோடிக்கணக்கில் செலவு செய்து கொடுத்தால்தான் வழிவிட முடியுமென்று வழக்காடின. சமரசமான பிறகும் மொபைல் நகரசபை தன் பங்குப் பணத்துக்குத் தீர்மானம் செய்ய 2024 ஆகஸ்டு ஆயிற்று.

இவ்வளவு இடைஞ்சலிலும் காரியத்தை முடித்தவர்கள் இல்லாமற் போகவில்லை. மெயின் என்ற சிறிய ராஜ்யத்தில் 1965ல் நின்று போன போர்ட்லண்டு – பாஸ்டன் ரயிலைத் திரும்பக் கொண்டுவர, உத்தியோகமோ பதவியோ இல்லாத ஜனங்கள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, 1991ல் சட்டசபையைக் கொண்டு சட்டமே செய்ய வைத்தார்கள். அப்புறமும் தண்டவாளக் கம்பெனி வண்டி வேகமாகப் போகக்கூடாது என்று வழக்காடிற்று. 2001 டிசம்பர் 15ந் தேதி ரயில் வந்தது. சட்டம் செய்தும் பத்து வருஷம்! வர்ஜீனியா ராஜ்யம் வேறு வழி கண்டது. தண்டவாளக்காரனிடம் கெஞ்சுவதைவிடத் தண்டவாளத்தையே வாங்குவது மேல் என்று கண்டு, 370 கோடி டாலர் திட்டம் போட்டு, கம்பெனியின் நிலத்தை வாங்கி, வாஷிங்டனுக்குப் போகும் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் பிரயாணி ரயிலுக்கென்றே புதுப் பாலம் கட்ட 2024ல் வேலை தொடங்கிற்று. 2009ல் லிஞ்ச்பர்க் நகரத்துக்கு ஒரே ஒரு வண்டி விட்டுப் பார்த்து, ஜனங்கள் ஏறுவதைக் கண்டு, படிப்படியாகச் செய்த காரியம் இது.

கடைசியாக ஒஹையோவைக் கவனிப்போம். கிளீவ்லண்டு, கொலம்பஸ், டேடன், சின்சினாட்டி நகரங்களைச் சேர்க்கும் ரயிலை அந்த ராஜ்யத்தின் கவர்னர் ஜான் கேசிக் தள்ளியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அது மணிக்குச் சராசரி 39 மைல்தான் போகும் என்பது. பாதை கெட்டுக் கிடப்பதால் வேகமில்லை. பாதையைச் செப்பனிடத்தான் 40 கோடி. வண்டி மெதுவாகப் போகும், ஆகையால் பாதையைச் சரிசெய்யும் பணம் வேண்டாம் என்பது எந்த ஊர்த் தர்க்கம்?

2021ல் மத்திய சர்க்கார் ரயிலுக்கென்று மறுபடியும் 6,600 கோடி டாலர் ஒதுக்கிற்று. புது வழிகளை ஆராயும் திட்டத்தில் 2023 டிசம்பரில் 69 வழிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அதே நாலு நகரங்களின் வழியும் அதிலொன்று. இந்தத் தடவை மனுப்போட்டுக் கேட்டு வாங்கியது ஒஹையோதான். ஆராய்ச்சியின் முதற்படிக்குக் கிடைத்தது 5 லட்சம் டாலர். பதின்மூன்று வருஷத்துக்கு முன் 40 கோடியைத் தள்ளிவிட்ட ராஜ்யம் 5 லட்சத்தைக் கை நீட்டி வாங்கிக் கொண்டது. ஒன்பது லட்சம் ஜனங்கள் வாழும் தலைநகரமான கொலம்பஸுக்குக் கடைசியாகப் பிரயாணி ரயில் வந்தது 1979ல். 2025 முடிய அங்கு ஒரு பிரயாணி வண்டியும் வரவில்லை.