டெலஸ்கோப் வேண்டாம், முதலில் உங்கள் நட்சத்திரத்தைப் பிடியுங்கள்

எங்கள் ஊர் திருவிடைமருதூர். இங்குள்ள மகாலிங்க சுவாமி கோயிலில் 27 நட்சத்திரங்களுக்கும் தனித்தனியாக 27 லிங்கங்கள் உண்டு. வெளியூரிலிருந்து வருபவர்கள் தங்கள் நட்சத்திரத்துக்கு உரிய லிங்கத்தைத் தேடிப் பிடித்து விளக்கேற்றி விட்டுப் போவார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த நட்சத்திரத்தை வானத்தில் பார்த்திருப்பார்கள்? நானும் பார்த்ததில்லை. என் நட்சத்திரம் ரோகிணி. அது வானத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்து கொள்ள எனக்கு 26 வயது ஆனது.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். முதல் போனஸ் வந்ததும் ஆன்லைனில் ஒரு டெலஸ்கோப் வாங்கினேன். விலை 11,000 ரூபாய். பெட்டியின் மேல் "525 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று போட்டிருந்தது. மொட்டை மாடியில் நிறுத்தி, கண் வைக்கும் இடத்தில் மொபைலை ஒட்டி வைத்துப் படம் எடுத்தேன். தொட்டால் ஆடியது. காற்று அடித்தாலும் ஆடியது. சனி கிரகம் ஒரு மங்கலான அரிசி மணி போல வந்தது. அப்பா பார்த்து விட்டு, "இதுக்காடா பதினோராயிரம்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அந்த டெலஸ்கோப் இப்போது பரணில் இருக்கிறது.

வானத்தைப் படம் எடுக்க ஆசைப்படுபவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?" என்பதுதான். என் பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். டெலஸ்கோப்பின் தரம் அதன் வாய் அகலத்தில் இருக்கிறது. ஒரு மி.மீ. அகலத்துக்கு இரண்டு மடங்கு என்பதுதான் உருப்படியான உச்சவரம்பு. 70 மி.மீ. டெலஸ்கோப் என்றால் 140 மடங்கு. அதற்கு மேல் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் மங்கல்தான் பெரிதாகும். மேலும், டெலஸ்கோப் வழியாக நீண்ட நேரம் படம் எடுக்க, பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் திரும்பும் மோட்டார் ஸ்டாண்டு வேண்டும். அதன் விலை டெலஸ்கோப்பையும் தாண்டி விடும்.

என்ன வேண்டும்?

மூன்றே பொருட்கள். ஒன்று, ஷட்டர் நேரத்தை நாமே வைக்கக்கூடிய கேமரா. பழைய டி.எஸ்.எல்.ஆர் போதும். நான் 16,000 ரூபாய்க்கு ஒரு பழைய கேமராவை 18-55 லென்சுடன் வாங்கினேன். உங்கள் மொபைலில் புரோ மோடு இருந்து, ஷட்டரை 10 வினாடி வரை திறந்து வைக்க முடிந்தால் அதிலேயே தொடங்கலாம். இரண்டு, ஆடாத டிரைபாட். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கேமராவை விட டிரைபாட் முக்கியம் என்பேன். மூன்று, இருட்டு. இது கடையில் கிடைக்காது.

பெரிய விஞ்ஞானிகளும் இருட்டைத் தேடித்தான் போனார்கள். வாணியம்பாடி பக்கம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வான் ஆய்வகம் 1968-ல் 38 செ.மீ. டெலஸ்கோப்புடன்தான் தொடங்கியது. அங்கே 2.34 மீட்டர் பெரிய டெலஸ்கோப் 1980-களில்தான் வந்தது. முதலில் இடம், பிறகுதான் கருவி.

நம்மிடம் இன்னொரு வசதியும் உள்ளது. எங்கள் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. பால்வீதியின் மையப் பகுதி எங்களுக்கு 50 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. லண்டனில் இருப்பவருக்கு அது 10 டிகிரிகூட ஏறாது. காசு கொடுத்தாலும் அவர்களுக்குக் கிடைக்காத வானம் இது.

செட்டிங்குகள்

தை மாதம், அமாவாசையை ஒட்டிய நாட்களில், இரவு 8 மணி வாக்கில் மாடிக்குப் போங்கள். தலைக்கு மேலே சிறு கொத்தாகத் தெரிவது கார்த்திகை. அதற்குச் சற்றுக் கிழக்கே ஆரஞ்சு நிறத்தில் இருப்பது ரோகிணி. இன்னும் கிழக்கே வேட்டைக்காரன் கூட்டத்தில் சிவப்பாக மின்னுவது திருவாதிரை. அடையாளம் தெரியாவிட்டால் ஸ்டெல்லேரியம் என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோடு செய்து கொள்ளுங்கள். ஊரையும் நேரத்தையும் கொடுத்தால் உங்கள் வானத்தை அப்படியே காட்டும்.

கேமராவை மேனுவல் மோடில் வையுங்கள். பைல் வகை ரா. லென்சை 18 மி.மீ.யில் வைத்து முழுவதும் திறங்கள், அதாவது எப் 3.5. ஐ.எஸ்.ஓ 1600. ஷட்டர் எவ்வளவு? பூமி சுற்றுவதால் அதிக நேரம் திறந்தால் நட்சத்திரம் கோடாக இழுபடும். இதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 500-ஐ லென்சின் மி.மீ.யால் வகுக்க வேண்டும். சிறிய சென்சார் உள்ள கேமராவில் அந்த மி.மீ.யை முதலில் 1.5 அல்லது 1.6-ஆல் பெருக்கிக் கொள்ள வேண்டும். 18 மி.மீ. என்றால் சுமார் 17 வினாடி வரும். இன்றைய கேமராக்களில் பிக்சல்கள் அதிகம் என்பதால் 10 வினாடிக்கு மேல் நான் போவதில்லை.

போக்கஸ் செய்வதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஆட்டோ போக்கஸ் இருட்டில் தடுமாறும். மேனுவலுக்கு மாற்றி, லைவ் வியூவில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை 10 மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். லென்சில் ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால் அணைத்து விடுங்கள். ஷட்டரை விரலால் அழுத்தினாலே கேமரா ஆடும். 2 வினாடி டைமர் போடுங்கள்.

நிலாவுக்கு இந்தக் கணக்கு ஆகாது. நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை. பகலில் எடுப்பது போலவே எடுக்க வேண்டும்: எப் 11, ஐ.எஸ்.ஓ 100, ஷட்டர் 1/100 வினாடி. சூரியனை மட்டும் அதற்குரிய பில்டர் இல்லாமல் கேமராவிலோ கண்ணாலோ பார்க்கவே கூடாது.

டெல்டாவுக்கென்று சில தொல்லைகள் உண்டு. தையில் பனி இறங்கி லென்ஸ் வேர்த்து விடும். துணியால் துடைக்காதீர்கள், கறை படியும். கருப்பு சார்ட் பேப்பரைக் குழாயாகச் சுருட்டி லென்சில் மாட்டினால் கொஞ்ச நேரம் தாங்கும். வயல் வரப்பில் நிற்பதானால் பாம்பு நினைவிருக்கட்டும். காலில் ஷூ, கையில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். டார்ச் முகத்தில் சிவப்புக் காகிதம் ஒட்டினால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது.

மீதி வேலை கம்ப்யூட்டரில்

ஒரு படம் எடுத்து ஏமாந்து விட்டுவிடாதீர்கள். அதே இடத்தை 64 படங்கள் எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால், புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் எட்டில் ஒரு பங்காகக் குறையும். டீப்ஸ்கைஸ்டாக்கர், சீக்வேட்டர் இரண்டும் விண்டோசுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. படம் எடுத்து முடித்ததும் லென்சை மூடி, அதே செட்டிங்கில் இன்னும் 15 கருப்புப் படங்கள் எடுத்துக் கொடுங்கள். சென்சாரின் சூட்டினால் வரும் பொய்ப் புள்ளிகளை சாப்ட்வேர் கழித்து விடும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இது அவசியம். 24 மெகா பிக்சல் ரா படம் ஒன்று 25 எம்.பி.க்கு மேல் இருக்கும். அடுக்கும்போது தற்காலிக பைல்கள் அதைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். ஹார்டு டிஸ்க்கில் 30 ஜி.பி. காலியாக இருக்கட்டும். கடைசியாக ஜிம்ப்பில் வெளிச்சத்தைச் சரி செய்தால் படம் தயார்.

என் கவலை கருவியைப் பற்றியது அல்ல. மேற்கே கும்பகோணத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறுகிறது. எங்கள் தெரு முனையிலும் வெள்ளை எல்.இ.டி. விளக்கு வந்து விட்டது. விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவில் கோயிலிலிருந்து திரும்பும் என் அம்மாவுக்கு அது வேண்டும். ஆனால் அந்த வெளிச்சம் ரோட்டில் விழ வேண்டும், வானத்தில் அல்ல. தலைக்கு மேல் ஒரு மூடியும், கொஞ்சம் மஞ்சள் நிறமும் போதும். கரண்டும் மிச்சம். கொல்லிமலையில் இருள் வானப் பூங்கா அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2023-ல் அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் நட்சத்திரம் பார்க்க எல்லோரும் மலை ஏற முடியுமா? முதலில் நம் வீட்டு மாடி விளக்கை அணைத்துத் தொடங்கலாம்.

போன தை மாதம் 60 படங்களை அடுக்கி, திருவாதிரையை அப்பாவுக்குக் காட்டினேன். அது அவருடைய நட்சத்திரம். கம்ப்யூட்டர் திரையில் அந்தச் செம்புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விலை கேட்கவில்லை. மாடிக்குப் போய், "எந்தப் பக்கம்டா?" என்று கேட்டார்.

உங்கள் வீட்டிலும் ஆளுக்கொரு நட்சத்திரம் இருக்கும். டெலஸ்கோப் அப்புறம் வாங்கிக் கொள்ளலாம். முதலில் அவற்றைப் படம் எடுங்கள்.