கேட் வால்வு: வயலுக்கு அடியில் குழாய் கசிந்தால் எண்ணெயை நிறுத்துவது எது?

2017 ஜூன் 30. தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் வயல் வழியே போகும் ஓஎன்ஜிசி குழாயில் கசிவு ஏற்பட்டு, கச்சா எண்ணெய் நிலத்தில் பரவியது. ஊர் மக்கள் திரண்டார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் வர வேண்டும் என்றார்கள். வைக்கோல் பற்றி எரிந்தது, போலீஸ் தடியடி நடத்தியது, பேராசிரியர் த. ஜெயராமன் உள்ளிட்டோர் கைதானார்கள். அடுத்த சில வாரங்களுக்குத் தமிழ்நாடே கதிராமங்கலம் பற்றிப் பேசியது.

டெல்டாவில் எண்ணெய் எடுக்கலாமா, கூடாதா என்ற பெரிய விவாதம் அதிலிருந்து வலுத்தது. ஆனால் அதே வயலில் இன்னொரு சின்ன கேள்வியும் இருக்கு. குழாய் ஓட்டையான பிறகு எவ்வளவு எண்ணெய் வெளியே வரும்? அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரு இரும்புச் சாமான்தான்: வால்வு.

கேட் வால்வு என்றால் என்ன?

ஊரில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவரைப் பார்த்திருப்பீர்கள். ரோட்டோரக் குழிக்குள் நீளமான சாவியை விட்டு, சுற்றிச் சுற்றித் திறப்பார். அந்தக் குழிக்குள் இருப்பதுதான் கேட் வால்வு. குடிநீர் வாரியத்தில் ஸ்லூயிஸ் வால்வு என்பார்கள்.

வேலை செய்யும் விதம் டெல்டாக்காரர்களுக்குப் புதுசு இல்லை. வாய்க்கால் மதகில் பலகையை இறக்கினால் தண்ணீர் நிற்கும், ஏற்றினால் ஓடும். அதே மதகைக் குழாய்க்குள் வைத்தால் கேட் வால்வு. முழுசாகத் திறந்தால் உள்ளே எந்தத் தடையும் இருக்காது, அதனால் அழுத்த இழப்பு மிகக் குறைவு.

ஒரு நிபந்தனை உண்டு. இதை முழுசாகத் திறக்கணும், இல்லை முழுசாக மூடணும். பாதி திறந்து வைத்து ஓட்டத்தைக் குறைக்கப் பயன்படுத்தினால், வேகமாகப் பாயும் திரவம் தகட்டை அதிரவைத்து, அது உட்காரும் விளிம்பை அரித்துவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் கசியும். ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க குளோப் வால்வு போன்ற வேறு வகைகள் இருக்கின்றன.

ஒரு கிலோமீட்டர் குழாயில் எவ்வளவு இருக்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள் விட்டம் 100 மில்லிமீட்டர் உள்ள சிறிய குழாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் நீளத்தில் அது சுமார் 7,850 லிட்டர் பிடிக்கும். ஒரு ஏக்கரில் சமமாகப் பரப்பினால் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் கனத்துக்கு நிற்கும்.

பம்பை நிறுத்தினாலும், கிணற்றை மூடினாலும், இரண்டு வால்வுகளுக்கு நடுவில் ஏற்கனவே இருக்கும் எண்ணெய் அங்கேயேதான் இருக்கும். ஓட்டை பள்ளத்தில் இருந்தால் அதில் பெரும்பகுதி அங்கு வந்து சேரும். வால்வுகளுக்கு இடையே 1 கிலோமீட்டர் என்றால் அதிகபட்ச இழப்பு ஒரு அளவு. 8 கிலோமீட்டர் என்றால் எட்டு மடங்கு. மூட ஆகும் நேரத்தில் பம்ப் தள்ளுவது இதுக்கு மேல் தனிக் கணக்கு.

எந்தக் குழாய்க்கு எந்த வால்வு?

முதலில் பார்க்க வேண்டியது உள்ளே ஓடும் பொருள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 14846 தரத்தில் வரும் வார்ப்பிரும்பு வால்வு போதும். எண்ணெய், எரிவாயுக் குழாய்க்கு எஃகு வால்வு வேண்டும். அதற்கான உலகத் தரம் ஏபிஐ 6டி. ஹைட்ரஜன் சல்பைடு கலந்திருந்தால் சாதாரண எஃகிலும் விரிசல் விழலாம். அதற்குத் தாங்கும் உலோகம் எது என்பதை ஐஎஸ்ஓ 15156 சொல்கிறது.

உள்ளே ஓடுவது என்ன என்பதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திராவின் நகரம் கிராமம் சாட்சி. 2014 ஜூன் 27 அன்று கோதாவரி டெல்டாவில் உள்ள அந்த ஊரில் கெயில் நிறுவனத்தின் 18 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். உலர்ந்த எரிவாயுவுக்காகப் போடப்பட்ட குழாயில் ஈரம் கலந்த எரிவாயு போனதும், அதனால் உள்ளே அரிப்பு ஏற்பட்டதும் விசாரணையில் வெளிவந்தன.

அடுத்தது அழுத்தம். வால்வின் உடம்பில் 150, 300, 600 என்று ஒரு எண் இருக்கும். அது வகுப்பு எண், அழுத்தம் இல்லை. சாதாரண வெப்பநிலையில் கார்பன் எஃகு வால்வு என்றால் 150 வகுப்பு சுமார் 19 பார், 300 வகுப்பு சுமார் 51 பார், 600 வகுப்பு சுமார் 102 பார் தாங்கும். வெப்பம் ஏற ஏற இந்த அளவு குறையும். தொழிற்சாலையில் உடல் பகுதியை 1.5 மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் விட்டுச் சோதித்த பிறகே அனுப்ப வேண்டும்.

இவையெல்லாம் எங்கிருந்தோ வரும் சரக்கு இல்லை. தஞ்சாவூருக்குப் பக்கத்திலேயே திருச்சி பெல் ஆலையில் உயர் அழுத்த வால்வுகள் தயாராகின்றன. கோவை, காஞ்சிபுரத்திலும் வால்வு ஆலைகள் உண்டு.

கேட் வால்வா, பால் வால்வா?

பால் வால்வில் நடுவில் துளையுள்ள ஒரு உருண்டை இருக்கும். கால் சுற்றுத் திருப்பினால் மூடிவிடும். தொலைவிலிருந்து மோட்டார் மூலம் சட்டென மூடவும் வசதி. கேட் வால்வைப் பல சுற்று சுற்ற வேண்டும், நேரம் பிடிக்கும்.

அப்படின்னா எல்லா இடத்திலும் பால் வால்வே போட்டுவிடலாமே? அங்கேதான் சிக்கல். வேகமாக ஓடும் திரவத்தைத் திடீரென நிறுத்தினால் அழுத்த அலை கிளம்பும். எஃகுக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென நிறுத்தினால் சுமார் 10 பார் வரை அழுத்தம் கூடுதலாக ஏறும். ஏற்கனவே அரித்துப்போன குழாய் அதிலேயே உடையலாம். கேட் வால்வு மெதுவாக மூடுவது இந்த இடத்தில் நல்லது.

இன்னொரு விஷயம், 'பிக்'. குழாய்க்குள் விட்டுச் சுத்தம் செய்யவும் அரிப்பைக் கண்டுபிடிக்கவும் பயன்படும் கருவி இது. ஆப்பு வடிவத் தகடு உள்ள சாதாரண கேட் வால்வின் உட்குழியில் பிக் சிக்கிக்கொள்ளலாம். முழுத் துளை உள்ள பால் வால்வோ, துளையிட்ட தகடு உள்ள கேட் வால்வோ இருந்தால் தடையின்றிப் போகும். மலிவு என்று தவறான வால்வைப் போட்டால், குழாயின் உள்நிலையைப் பார்க்கும் வழியே அடைபட்டுப் போகும்.

டெல்டா மண்ணில் என்ன சிக்கல்?

களிமண், வருஷத்தில் பல மாதம் தண்ணீர் நிற்கும் வயல். வால்வுக் குழிக்குள் மழைத்தண்ணீர் புகுந்தால் தண்டு துருப்பிடிக்கும். ஆண்டுக்கணக்கில் சுற்றாத வால்வு, தேவைப்படும் அன்று அசையாது. அதனால்தான் குறிப்பிட்ட கால இடைவெளியில் மூடித் திறந்து பார்ப்பது பராமரிப்பில் கட்டாயமான வேலை. கிணற்று எண்ணெயுடன் மணல் வந்தால், தகடு உட்காரும் பள்ளத்தில் அது தங்கி, வால்வு முழுசாக மூடாமல் போகும்.

தண்டு மேலே ஏறும் வகையில், வால்வு திறந்திருக்கா மூடியிருக்கா என்று தூரத்திலிருந்தே தெரியும். தண்டு ஏறாத வகை குறைந்த இடத்தில் அடங்கும், ஆனால் நிலையைக் காட்ட தனிக் குறி வேண்டும். இரவில் கசிவு என்று ஓடிவருபவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு வால்வு?

பெரிய எரிவாயுக் குழாய்களுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் ஏஎஸ்எம்இ பி31.8 நெறி, ஒவ்வொரு 1.6 கிலோமீட்டர் பகுதியிலும் குழாயை ஒட்டி எத்தனை வீடு என்று எண்ணச் சொல்கிறது. 10 அல்லது அதற்குக் குறைவு என்றால் முதல் வகுப்பு. அங்கே 32 கிலோமீட்டருக்கு ஒரு வால்வு போதும். வீடுகள் கூடக் கூட இடைவெளி 24, 16 என்று குறைந்து, அடுக்குமாடிப் பகுதியில் 8 கிலோமீட்டர் ஆகும். கிணற்றிலிருந்து குத்தாலம் போன்ற சேகரிப்பு நிலையத்துக்குப் போகும் சிறிய குழாய்களுக்கு இது அப்படியே பொருந்தாது. ஆனால் கணக்குப் போடும் முறையைக் கவனியுங்கள்.

வெடித்தால் எத்தனை உயிர் போகும் என்பதே அந்தக் கணக்கின் அடிப்படை. அது நியாயமானதுதான். ஆனால் எத்தனை ஏக்கர் நெல், எந்த வாய்க்கால் கீழே ஓடுகிறது என்பது அதில் வராது. வீடில்லாத விளைநிலம், அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட காலி இடம்.

வேளாண் மண்டலச் சட்டம் காப்பாற்றாதா?

2020 பிப்ரவரியில் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணப் பணிகளைத் தடுக்கிறது. ஆனால் ஏற்கனவே நடந்துவரும் திட்டங்களுக்கு விலக்கு அளிக்கிறது. சாலை, மின்சாரம், குடிநீர் போன்ற உள்கட்டமைப்புகளோடு குழாய்களுக்கும் விலக்கு உண்டு. சுருக்கமாகச் சொன்னால், பழைய குழாய்கள் பழையபடியே இருக்கும். அவற்றுக்கு வயது மட்டும் கூடும்.

ஊர் என்ன கேட்கலாம்?

ஓஎன்ஜிசி பொதுத்துறை நிறுவனம் என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும். எங்கள் ஊர் வழியே போகும் குழாயில் வால்வு எங்கெங்கே இருக்கு? கடைசியாக எப்போது மூடித் திறந்து பார்த்தீர்கள்? பிக் விட்டது எப்போது? கசிவு என்று போன் செய்தால் யார் வருவார், மூட எத்தனை நிமிஷம் ஆகும்? கிராம சபையிலும் இதே கேள்விகளைத் தீர்மானமாகப் போடலாம்.

எண்ணெய் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் இன்னும் பல வருஷம் ஓடும். அதுவரை குழாய் வயலுக்கு அடியில்தான் இருக்கப்போகுது. நிலத்தின் பட்டா விவசாயி பெயரில் இருக்கு, வால்வின் சாவி வேறொருவர் கையில் இருக்கு. அந்தச் சாவி எங்கே இருக்கு, எவ்வளவு நேரத்தில் வரும் என்பதையாவது ஊர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.