வேலைக்குப் போகுமுன் ஒரு நிமிடம்!

காலை நேரம். அடுப்பில் உலை கொதிக்கிறது. பையனின் சட்டையில் பொத்தான் அறுந்து விட்டது. அப்பாவுக்கு 7 மணி பஸ். அம்மாவும் 8 மணிக்கு வேலைக்குப் புறப்பட வேண்டும்.

இந்த அவசரத்தில் ஜெபம் செய்ய ஏது நேரம்?

கிறிஸ்தவக் குடும்பங்களில் பலர் இப்படிக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, மனதுக்குள் வருந்துகிறார்கள். "அரை மணி நேரம் முழங்காலில் நிற்க முடியவில்லையே! ஆண்டவர் கோபித்துக் கொள்வாரோ?" என்று பயப்படுகிறார்கள். வேறு சிலர், "நீண்ட ஜெபம் நம்மால் ஆகாது" என்று அடியோடு விட்டு விடுகிறார்கள்.

பயமும் வேண்டாம், விட்டு விடவும் வேண்டாம். ஒரு நிமிடம் இருந்தால் போதும், அது உண்மையான ஜெபமாக இருந்தால்! இதுதான் என் கருத்து.

ஒரு கிழத் தளபதியின் கதையைக் கேளுங்கள்.

போர்க்களத்தில் ஜெபம்

1642-ம் ஆண்டு. இங்கிலாந்து நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஒரு பக்கம் அரசர் முதலாம் சார்லஸ். மறுபக்கம் பார்லிமெண்டின் படை.

அக்டோபர் 23-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. எட்ஜ்ஹில் என்ற இடத்தில் இரு படைகளும் எதிர் எதிரே நின்றன. அரசரின் காலாட்படைக்குத் தளபதி சர் ஜேக்கப் ஆஸ்ட்லி. வயது 60-ஐத் தாண்டியவர். பல போர்களைப் பார்த்தவர்.

அவர் சண்டைக்குமுன் ஜெபம் செய்தார். மிகச் சிறிய ஜெபம். இன்று தமக்கு எவ்வளவு வேலை என்பது ஆண்டவருக்கே தெரியும் என்றார். வேலை மும்முரத்தில் தாம் ஆண்டவரை மறந்து போனாலும், ஆண்டவர் தம்மை மறந்துவிடக் கூடாது என்று வேண்டினார். அவ்வளவுதான்! எழுந்தார். வீரர்களை முன்னேறச் சொன்னார்.

அரசர் பக்கத்தில் இருந்த சர் பிலிப் வார்விக் என்பவர் இதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தார். அது 1701-ல் புத்தகமாக வந்தது. அந்தச் சிறு ஜெபம் இன்றும் மறக்கப்படவில்லை.

அதில் என்ன சிறப்பு?

முதலாவது, அதில் பொய் இல்லை. "நாள் முழுவதும் உம்மையே நினைப்பேன்" என்று அவர் வீண் வாக்குக் கொடுக்கவில்லை. "மறந்து போவேன்" என்று ஒப்புக் கொண்டார். கணக்கு எழுதும்போது கணக்கில்தான் கண் இருக்கும். பஸ் ஓட்டும்போது பாதையில்தான் கண் இருக்க வேண்டும். இது பாவம் அல்ல, வேலையின் இயல்பு.

இரண்டாவது, அவர் வெற்றியைக் கேட்கவில்லை. அன்றைய சண்டையில் எந்தப் பக்கமும் முழு வெற்றி பெறவும் இல்லை. போரில் கடைசியில் அரசர் தோற்றார். 1649-ல் அவர் தலை துண்டிக்கப்பட்டது. ஜெபம் என்பது காரியம் முடித்துத் தரும் மந்திரம் அல்ல. வெற்றியிலும் தோல்வியிலும் நம்மை ஒருவர் கைவிட மாட்டார் என்ற தைரியமே அதன் பயன்.

முடி திருத்துபவரின் கேள்வி

ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தருக்குப் பீட்டர் என்ற முடி திருத்துபவர் ஒருவர் இருந்தார். எப்படி ஜெபம் செய்வது என்று அவர் கேட்டார். அவருக்காகவே லூத்தர் 1535-ல் ஒரு சிறு புத்தகம் எழுதினார்.

காலையில் முதல் வேலை ஜெபமாக இருக்கட்டும் என்றார் லூத்தர். "இதை முடித்து விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம்" என்ற நினைப்புதான் ஆபத்து என்று எச்சரித்தார். சவரக் கத்தியைக் கையில் வைத்துக் கொண்டு பராக்குப் பார்த்தால், வந்தவரின் மூக்கு என்ன ஆகும்? கத்தியில் வைக்கும் கவனத்தை ஜெபத்திலும் வை என்றார்.

கவனம் இல்லாத அரை மணியை விட, கவனமுள்ள ஒரு நிமிடம் மேல்!

ஒரு தாயின் வழி

இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் சூசன்னா வெஸ்லி என்ற அம்மாள் வாழ்ந்தார். மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியின் தாய். அவர் பெற்ற பிள்ளைகள் 19 பேர். பலர் குழந்தையிலேயே இறந்தனர். மற்றவர்களுக்கு வீட்டிலேயே பாடமும் சொல்லிக் கொடுத்தார்.

அந்த வீட்டில் தனி இடம் ஏது? சமையலுக்கு முன்னால் கட்டும் துணியைத் தலைமேல் போட்டுக் கொண்டு ஜெபம் செய்வாராம். அம்மா ஜெபத்தில் இருக்கிறார், தொல்லை செய்யக் கூடாது என்று பிள்ளைகள் அறிந்து கொள்வார்களாம்.

இது சோம்பலுக்குச் சாக்கா?

"ஒரு நிமிடம் போதும் என்றால், எல்லாரும் அதோடு நிறுத்தி விடுவார்களே!" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

இயேசுவுக்கும் வேலை மிகுந்த நாட்கள் உண்டு. கப்பர்நகூமில் மாலையில் நோயாளிகள் திரண்டு வந்தார்கள். மறுநாள் விடியுமுன் இருட்டிலேயே எழுந்து, தனி இடத்துக்குப் போய் அவர் ஜெபம் செய்தார் என்று மாற்கு சுவிசேஷம் சொல்கிறது. நேரம் கிடைத்தால் நீண்ட ஜெபம் நல்லதுதான். கிடைக்காத நாளில் வெறுங்கையோடு போகாதீர்கள் என்பதே என் பேச்சு.

வீட்டுத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அரை மணி நேரம் கண்மூடி அமர்ந்திருக்கிறீர்கள். மனைவியோ தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, பிள்ளைக்குத் தலை வாரி ஓடுகிறாள். உங்கள் ஜெபத்துக்கு அவள் நேரத்தை எடுத்துக் கொள்வது சரியா? நீங்கள் ஒரு குடம் தண்ணீர் பிடியுங்கள். பிள்ளைக்குச் சட்டை போடுங்கள். மிச்சமாகும் நேரத்தில் எல்லாரும் சேர்ந்து நில்லுங்கள்.

இன்று செய்ய வேண்டிய வேலையைச் சொல்லுங்கள். பயப்படும் காரியத்தைச் சொல்லுங்கள். மறந்து போவேன் என்பதையும் சொல்லுங்கள். பிறகு, கதவைத் திறந்து தைரியமாகப் புறப்படுங்கள்.

பஸ் தவறாது!